24-ம் தேதி மதியம் மூடிவிடுவார்கள்: நியூரம்பர்க் கிறிஸ்துமஸ் சந்தை

ஜெர்மனியில் நியூரம்பர்க் நகரத்துக் கிறிஸ்துமஸ் சந்தைக்குப் போக ஆசைப்படுகிறவர்கள் விமான டிக்கெட் விலையைப் பார்ப்பதற்கு முன்னால் காலண்டரைப் பார்க்க வேண்டும். கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு ஞாயிறுகள் வருகிற திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறுக்கு முந்தைய வெள்ளிக்கிழமை சாயங்காலம் சந்தை திறக்கிறது. டிசம்பர் 24-ம் தேதி மதியம் 2 மணிக்கு மூடிவிடுகிறார்கள். அதற்கப்புறம் ஊரே வீட்டுக்குள் போய்விடும். 25, 26 இரண்டு நாளும் அரசு விடுமுறை, கடைகள் திறக்காது.

நம் பக்கத்தில் எல்லாம் தலைகீழ். பெரம்பூரில் 24-ம் தேதி ராத்திரி பத்து மணிக்கு மேல்தான் தெருவே நிறையும். லூர்து மாதா கோயிலில் நள்ளிரவுப் பூசை முடிந்து, எல்லாருக்கும் கை கொடுத்து, வீட்டுக்கு வந்து கேக் வெட்டிப் படுக்கும்போது விடியப்போகும். அந்தக் கணக்கை மனசில் வைத்துக்கொண்டுதான் கோயில் வாசலில் என்னைப் பிடித்து, “அண்ணே, 23-ம் தேதி போய் இறங்கினா சரியா இருக்குமா?” என்று கேட்கிறார்கள். சரியாக இருக்காது. டிசம்பர் முதல் இரண்டு வாரங்களில் போங்கள். பண்டிகைக்கு முன்னால் திரும்பி வந்து நம் ஊரில் பூசை பாருங்கள். நானும் என் மனைவியும் அப்படித்தான் போய் வந்தோம். இரண்டு பக்கத்துச் சந்தோஷமும் கிடைத்தது.

நான் பெரம்பூர் ரயில் பெட்டித் தொழிற்சாலையான ஐ.சி.எஃப்.பில், பெட்டியின் கூட்டைக் கட்டுகிற ஷெல் பிரிவில் வெல்டராக இருந்து ஓய்வு பெற்றவன். மகளும் மாப்பிள்ளையும் நியூரம்பர்க்குக்குப் பக்கத்தில் எர்லாங்கனில் வேலை பார்க்கிறார்கள். ரயிலில் இருபது நிமிடத்துக்குள் நியூரம்பர்க் வந்துவிடலாம். அவர்கள் வீட்டில்தான் தங்கினோம், அதனால் ஹோட்டல் பற்றி எனக்குச் சொல்ல ஒன்றும் இல்லை. சந்தை, சாப்பாடு, கோயில்கள், அப்புறம் ரயில். இவற்றைப் பற்றி மனசறிந்து சொல்ல முடியும். முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஐந்துக்கு நாலரை தருவேன். குறைகிற அரை எங்கே போனது என்று பிறகு வருகிறேன்.

சந்தை நடக்கிற இடத்துக்கு ஹாப்ட்மார்க்ட் என்று பெயர். பழைய நகரத்தின் நடுவில் இருக்கிற பெரிய சதுக்கம். கிட்டத்தட்ட 180 கடைகள். எல்லாம் மரச் சட்டத்தில் கட்டி, மேலே சிவப்பும் வெள்ளையும் கோடு போட்ட துணி போர்த்தியவை. ஒரு கடைகூட அந்த வரிசையிலிருந்து விலகி நிற்பதில்லை. நகராட்சி அவ்வளவு கறாராக இருக்கிறது. பிளாஸ்டிக்கில் செய்த பச்சைத் தோரணம் கட்டக்கூடாது. ஒலிநாடா போட்டுப் பாட்டு வைக்கக்கூடாது. அழகாக அலங்கரித்த கடைகளுக்கு ஒவ்வொரு வருஷமும் தங்கம், வெள்ளி, வெண்கலம் என்று பரிசு கொடுக்கிறார்கள். இந்தச் சந்தை 1628-லேயே நடந்ததற்கு எழுத்துச் சான்று இருக்கிறது. ஒரு மரப்பெட்டியின் அடியில் எழுதியிருக்கிற வாசகம்தான் அது.

ஒலிபெருக்கி இல்லாத திருவிழாவை என் வாழ்க்கையில் அன்றுதான் பார்த்தேன். சதுக்கத்தில் அவ்வளவு கூட்டம் நிற்கிறது, ஆனாலும் பக்கத்தில் இருக்கிறவர் பேசுவது கேட்கிறது. இருட்டியதும் மேடையில் பிள்ளைகள் பாடகர் குழுவாக வந்து நின்று பாடினார்கள். அப்புறம் பித்தளை ஊதுகுழல்காரர்கள் வந்து ஊதினார்கள். எங்கள் பங்கில் டிசம்பர் மாதம் கேரல்ஸ் வேன் வரும்போது ஸ்பீக்கர் சத்தத்தில் பாடுகிற பிள்ளைகளின் குரல் காணாமல் போய்விடும். அவர்கள் மாதக்கணக்கில் பயிற்சி எடுத்திருப்பார்கள். அந்தச் சின்னக் குரல்களை முழுசாகக் கேட்க வேண்டும் என்கிற ஏக்கம் எனக்கு நியூரம்பர்க்கில் நின்றபோதுதான் வந்தது. திரும்பி வந்ததும் பங்கில் எங்கள் பக்கத்துக் குடும்பங்கள் கூடுகிற அன்பியக் கூட்டத்தில் இதைச் சொன்னேன். வேன் நின்ற பிறகு ஸ்பீக்கரை அணைத்துவிட்டுப் பாடலாமே என்று கேட்டேன். இரண்டு தெருவில் செய்து பார்த்தார்கள். வயசானவர்கள் வாசலுக்கு வந்து நின்று கேட்டார்கள்.

என்ன வாங்கலாம்? நான் இரும்பில் வேலை செய்தவன், பொருளை எடுத்தால் முதலில் இணைப்பைத்தான் பார்ப்பேன். அந்த விதத்தில் எனக்கு ரொம்பப் பிடித்தது ‘ரௌஷ்கோல்டு’ தேவதை. பித்தளையைக் காகிதம் அளவுக்குத் தட்டி மெல்லிசாக்கி, அதை மடிப்பு மடிப்பாக மடித்துப் பாவாடையாக்கி, மேலே கிரீடம் வைத்த பொம்மை. கிறிஸ்துமஸ் மரத்தின் உச்சியில் வைக்கிறார்கள். மடிப்பு ஒவ்வொன்றும் ஒரே அளவில் இருக்கிறதா, ஓரம் கையைக் கிழிக்காமல் மழுக்கப்பட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். எல்லாக் கடையிலும் ஒரே தரம் இல்லை.

இன்னொன்று ‘ஸ்வெட்ச்கன்மென்லே’. உலர்ந்த பிளம்ஸ் பழங்களைக் கம்பியில் கோர்த்துக் கை கால் செய்து, வால்நட் கொட்டையைத் தலையாக வைத்து, முகம் வரைந்து, துணி உடுத்திய மனிதர்கள். தச்சர், மருத்துவச்சி, புகைபோக்கி துடைக்கிறவர், புத்தகம் படிக்கிற பாட்டி என்று ஒவ்வொரு தொழிலுக்கும் ஒன்று இருக்கிறது. நான் வெல்டர் இருக்கிறாரா என்று மகளை விட்டுக் கேட்கச் சொன்னேன். கொல்லர்தான் இருந்தார். அவரை வாங்கி வந்தேன். சென்னை ஈரக்காற்றில் பழம் பூசணம் பிடிக்கும் என்று மனைவி சொன்னதால் கண்ணாடி டப்பாவில் சிலிக்கா பொட்டலத்தோடு வைத்திருக்கிறோம்.

கண்ணாடி உருண்டைகள் வாங்குகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். ஒரு கடையில் வெறும் காகிதத்தில் சுற்றிக் கொடுத்துவிட்டார்கள், ரயிலில் வரும்போதே ஒன்று உடைந்துவிட்டது. தனித்தனிக் கட்டம் போட்ட அட்டைப்பெட்டி கேட்டால் பல கடைகளில் தருகிறார்கள். விமானத்தில் கைப்பையில் எடுத்து வாருங்கள்.

பக்கத்திலேயே நகராட்சி மண்டபத்தை ஒட்டி, நியூரம்பர்க்கின் சகோதர நகரங்களுக்கென்று தனிச் சந்தை இருக்கிறது. கிளாஸ்கோ, கிராகோவ், அன்டால்யா என்று வெவ்வேறு ஊர்ப் பொருட்கள். அங்கே கூட்டம் கொஞ்சம் குறைவு. பேரப்பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு ஹான்ஸ் சாக்ஸ் சதுக்கத்தில் பிள்ளைகள் சந்தை. இரண்டு அடுக்கு ராட்டினம் ஒன்று சுற்றுகிறது. பிள்ளைகளை அங்கிருந்து கிளப்புவது சிரமம் என்று தெரிந்தே நேரம் ஒதுக்குங்கள்.

சாப்பாட்டுக்கு வருகிறேன். நியூரம்பர்க் சாசேஜ் விரல் நீளம்தான், ஒன்று 20 முதல் 25 கிராம். பன்றி இறைச்சி. மூன்றைப் பன்னுக்குள் வைத்து ‘ட்ரை இம் வெக்லா’ என்று தருகிறார்கள். சுமார் 5 யூரோ. மரக்கட்டை நெருப்பில் வாட்டிய சாசேஜ் கிடைக்கிற கடையாகப் பார்த்து வாங்குங்கள், அந்தப் புகை வாசனையில்தான் ருசி இருக்கிறது. முதல் கடி கடித்ததுமே என் மனைவி, “என்னங்க, இது கதம்பத்துல வைக்கிற மரு வாசனை!” என்றாள். மகள் போனில் பார்த்துவிட்டு ஆமாம் என்றாள். நம் பூக்காரம்மா கதம்பத்தில் சேர்த்துக் கட்டுகிற அந்த மருவைத்தான் இவர்கள் இறைச்சியில் அரைத்துச் சேர்க்கிறார்கள். நியூரம்பர்க் நகர எல்லைக்குள் செய்ததைத்தான் அந்தப் பெயரில் விற்கலாம் என்று ஐரோப்பிய ஒன்றியம் 2003-ல் புவிசார் பாதுகாப்பு கொடுத்திருக்கிறது. மேலே மஞ்சள் மஸ்டர்ட் கொஞ்சம் தடவிக்கொண்டால் போதும். மிளகாய்ப்பொடி தேடாதீர்கள், அந்த ருசியை அமுக்கிவிடும்.

லேப்கூகன் என்கிற மசாலா கேக்கைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டியிருக்கிறது. சந்தையில் இதய வடிவத்தில் சர்க்கரை எழுத்து எழுதிக் கயிறு கட்டித் தொங்குவதை வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, கெட்டியாக இருக்கிறதே என்று முகம் சுளிக்கிறவர்கள் உண்டு. அது அலங்காரத்துக்கு. சாப்பிட வேண்டியது எலிசன் லேப்கூகன். அதில் பாதாம், ஹேசல்நட், வால்நட் ஆகிய பருப்புகள் குறைந்தது 25 சதவீதம் இருக்க வேண்டும், மாவு 10 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது என்று விதியே இருக்கிறது. பட்டை, கிராம்பு, ஏலக்காய், கொத்தமல்லி விதை, ஜாதிபத்திரி. எல்லாம் என் மனைவியின் சமையலறையில் இருக்கிற சாமான்கள்தான். நியூரம்பர்க்கைச் சுற்றியிருந்த காடுகளில் தேன் ஏராளம். வெனிஸ் வழியாக ஆல்ப்ஸ் மலையைத் தாண்டி வாசனைப் பொருட்கள் வந்தன. இரண்டும் சேர்ந்த ஊரில் இந்தக் கேக் பிறந்திருக்கிறது. மலபார்க் கரையிலிருந்து புறப்பட்ட மசாலா அத்தனை தூரம் போய், ஒரு நகரத்தின் கிறிஸ்துமஸ் பலகாரமாகிவிட்டது என்று நினைத்தபோது எனக்குப் பெருமையாக இருந்தது.

அதன் அடியில் வெள்ளையாக மெல்லிய தகடு ஒட்டியிருக்கும். அதைப் பார்த்து மனைவி சாப்பிடத் தயங்கினாள். பூசையில் வாங்குகிற அப்பத்தின் அதே மெலிவு, அதே வெள்ளை. மடங்களில் துறவியர் இந்தக் கேக்கைச் செய்தபோது, மாவு ஒட்டாமலிருக்க அப்பத் தகட்டின் மேல் வைத்துச் சுட்ட பழக்கம் என்று சொல்கிறார்கள். வாங்கும்போது தகர டப்பாவில் வருவதை வாங்குங்கள். வாரக்கணக்கில் கெடாது. காய்ந்துவிட்டால் ஒரு துண்டு ஆப்பிளை டப்பாவுக்குள் வைத்து மூடினால் மறுநாள் மெத்தென்று ஆகிவிடும். சாக்லேட் பூசியதைவிட, ஒன்றும் பூசாததுதான் எங்களுக்குப் பிடித்தது. எங்கள் வீட்டுக் கலகலாவும் ரோஸ் குக்கீஸும் அடுக்கிய தட்டில் இந்த வருஷம் அதுவும் இடம் பிடித்தது. பக்கத்து வீட்டு ஆங்கிலோ இந்தியப் பாட்டி இரண்டு துண்டு கேட்டு வாங்கிப் போனார். அவருடைய பிளம் கேக் பெரம்பூர் முழுக்கப் பேர் போனது, அதனால் அவர் கேட்டதை நான் பெரிய சான்றிதழாக எடுத்துக்கொள்கிறேன்.

சூடான ஒயினுக்கு க்ளூவைன் என்று பெயர். பட்டை, கிராம்பு, ஆரஞ்சுத்தோல் போட்டுக் காய்ச்சுகிறார்கள். புளூபெர்ரி ஒயினில் செய்தது இந்த ஊர் விசேஷம். கோப்பைக்குத் தனியாக ஈட்டுத்தொகை வாங்கிக்கொள்வார்கள். திருப்பிக் கொடுத்தால் பணம் திரும்பும், கோப்பையை வைத்துக்கொண்டாலும் யாரும் கேட்க மாட்டார்கள். கோப்பையின் படம் வருஷா வருஷம் மாறுகிறது. குடிக்காதவர்களுக்குப் பழச்சாற்றில் செய்த ‘கிண்டர்புன்ஷ்’ உண்டு. என் மனைவி அதைத்தான் குடித்தாள்.

இப்போது அந்த அரை மதிப்பெண். உட்கார இடம் இல்லை. எல்லாரும் உயரமான மேசையைச் சுற்றி நின்றுகொண்டே சாப்பிடுகிறார்கள். முழங்கால் வலி இருக்கிறவர்களுக்கு இது பெரிய சோதனை. தரை முழுக்கக் கருங்கல் பாவியிருக்கிறது, சமமாக இருக்காது. கழிப்பறைக்குச் சில்லறைக் காசு கையில் வேண்டும். ஒரு பருவத்தில் 20 லட்சம் பேர் அளவுக்கு வருகிற சந்தை இது. வெள்ளி, சனிக்கிழமை சாயங்காலம் நகரவே முடியாது. நாங்கள் சனிக்கிழமை ஒரு முறை போய்ப் பார்த்துவிட்டு, மற்றபடி செவ்வாய், புதன் காலையில்தான் போனோம். காலை 10 மணிக்குத் திறக்கும்போது கடைக்காரர்களுக்குப் பேச நேரம் இருக்கிறது. சந்தையை அப்போது பாருங்கள். விளக்கு வெளிச்சத்தில் பார்க்க ஆசைப்பட்டால் ராத்திரி வரை காத்திருக்க வேண்டாம், டிசம்பரில் அங்கே நாலேகால் மணிக்கெல்லாம் சூரியன் மறைந்துவிடும்.

கால் வலித்தால் கோயிலுக்குள் போய் உட்காருங்கள். சதுக்கத்தின் ஓரத்திலேயே ஃப்ரௌவன்கிர்ஹ, அதாவது மாதா கோயில் இருக்கிறது. பேரரசர் நான்காம் சார்லஸ் காலத்தில் 1352-ல் கட்ட ஆரம்பித்தது. இன்றைக்கும் கத்தோலிக்கக் கோயில். நாங்கள் ஞாயிறு பூசை அங்கேதான் பார்த்தோம். மொழி புரியவில்லை, ஆனால் எந்த இடத்தில் முழங்கால் போட வேண்டும் என்று தெரியும், அது போதும். முகப்பில் 1509-ல் வைத்த கடிகாரம் இருக்கிறது. தினமும் மதியம் 12 மணிக்கு ஏழு இளவரசர்களின் பொம்மைகள் வெளியே வந்து பேரரசரைச் சுற்றி வரும். பேரரசரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை அந்த ஏழு பேருக்கு என்று 1356-ல் போட்ட சட்டத்தின் நினைவு அது.

அந்தக் கோயில் நிற்கிற இடம் யூதர்களின் ஜெபக்கூடம் இருந்த இடம். அவர்கள் குடியிருப்பு இருந்த நிலம்தான் இன்றைய சந்தை. 1349-ல் அவர்களைக் கொன்று, மிச்சமிருந்தவர்களை விரட்டி, வீடுகளை இடித்துச் சதுக்கம் ஆக்கினார்கள். மாப்பிள்ளைதான் இதைச் சொன்னார். சொன்னபோது கையிலிருந்த கோப்பையைக் கீழே வைத்துவிட்டேன். பார்க்கப் போகிறவர்கள் இதையும் தெரிந்துகொண்டுதான் அங்கே நிற்க வேண்டும் என்று நான் நினைக்கிறேன். ஹிட்லர் கட்சியின் பெரிய பேரணிகள் நடந்ததும் இந்த ஊரில்தான். போருக்குப் பிறகு அவர்கள் தலைவர்களை 1945 நவம்பர் முதல் விசாரித்ததும் இங்கேதான். அந்த 600-ம் எண் நீதிமன்ற அறையைப் பார்க்கலாம். 1945 ஜனவரி 2-ம் தேதி குண்டுவீச்சில் பழைய நகரம் கிட்டத்தட்ட முழுக்க நொறுங்கிப் போனது. இன்று நாம் பழமை என்று பார்க்கிற நிறையச் சுவர்கள் அதற்கப்புறம் கல் கல்லாகத் திரும்பக் கட்டியவை. சந்தை மறுபடி 1948-ல் நடந்தது.

சந்தையைத் தொடங்கிவைப்பது ‘கிறிஸ்ட்கிண்ட்’. தங்கச் சுருள்முடியும் கிரீடமும் வைத்த இளம்பெண், மாதா கோயில் மாடத்தில் நின்று வரவேற்புரை சொல்வாள். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை ஊர்ப் பெண்களில் ஒருத்தியைத் தேர்ந்தெடுக்கிறார்கள். 2019-ல் தேர்வான பெண் நியூரம்பர்க்கிலேயே பிறந்தவள், அப்பா இந்தியர். அவள் நிறத்தையும் பெயரையும் வைத்து ஓர் அரசியல் கட்சிக் கிளை கேவலமாக எழுதியது. ஊர்க்காரர்கள் திரண்டு அவள் பக்கம் நின்றார்கள், பதிவை நீக்க வேண்டியதாயிற்று. அந்த வருஷமும் அவள்தான் மாடத்தில் நின்றாள். இந்த ஊர் மேல் எனக்கு மரியாதை கூடியதற்கு இது ஒரு காரணம்.

சந்தையிலிருந்து பெக்னிட்ஸ் ஆற்றைத் தாண்டி ஐந்து நிமிடம் நடந்தால் புனித லாரன்ஸ் கோயில். இது லூத்தரன் சபையின் கோயில். உள்ளே ஆடம் கிராஃப்ட் என்ற சிற்பி 1490-களில் செய்த, பூசை அப்பத்தை வைக்கிற கல் நற்கருணைப் பேழை இருக்கிறது. கிட்டத்தட்ட 20 மீட்டர் உயரம், உச்சி கூரையைத் தொட்டு வளைந்து போகிறது. கல்லை இப்படி வளைக்க முடியுமா என்று நான் ரொம்ப நேரம் அண்ணாந்து நின்றேன். அப்புறம் மகள் கீழே காட்டினாள். மொத்தப் பாரத்தையும் முதுகில் தாங்கிக்கொண்டு மண்டியிட்டிருக்கிறார் ஒருவர், தாடி வைத்தவர், கையில் சுத்தியலும் உளியும். சிற்பி தன்னையே செதுக்கி வைத்திருக்கிறார். முப்பது வருஷத்துக்கு மேல் பெட்டி கட்டினோம், எங்கள் பெயர் எந்தப் பெட்டியிலும் இல்லை. ஆனால் அந்த வளைவு, அந்த இணைப்பு எங்களுடையது என்று எங்களுக்குத் தெரியும். தொழிலாளி ஒருவன் கருவியோடு கோயிலுக்குள், நற்கருணைக்கு அடியில் இருக்கிறான் என்பதைப் பார்த்தபோது கண் கலங்கிவிட்டது. சந்தைக்கு மட்டும் வந்து இதைப் பார்க்காமல் போகிறவர்களை நினைத்தால் எனக்குத் தாங்கவில்லை. மேலே தொங்குகிற, வைட் ஸ்டோஸ் மரத்தில் செதுக்கிய கபிரியேல் தூதர் மரியாளிடம் இயேசுவின் பிறப்பை அறிவிக்கிற மங்கள வார்த்தைக் காட்சியையும் பாருங்கள். திருவருகைக் காலத்தில் அதற்கு நேர் கீழே நிற்பது தனி அனுபவம்.

டிசம்பர் நடுவில் ஒரு சாயங்காலம் பிள்ளைகளின் விளக்கு ஊர்வலம் நடக்கும். ஆயிரத்துக்கும் மேற்பட்ட பள்ளிப் பிள்ளைகள் தாங்களே காகிதத்தில் செய்த விளக்குகளைத் தூக்கிக்கொண்டு கோட்டை மேட்டுக்கு ஏறுகிறார்கள். தேதியை நகராட்சி அறிவிப்பில் பார்த்துக்கொண்டு, முடிந்தால் அதை ஒட்டிப் பயணத்தை வையுங்கள். நாங்கள் ஓரமாக நின்றோம். ஒரு சின்னப் பையன் விளக்கு அணைந்துவிட்டது என்று நின்றுவிட, பின்னால் வந்த பெண் தன் விளக்கை அவன் கையில் கொடுத்து அவனை நடக்க வைத்தாள். மொத்தச் சந்தையிலும் நான் எதைத் திரும்பப் பார்க்க ஆசைப்படுகிறேன் என்று கேட்டால் இந்த ஊர்வலத்தைத்தான் சொல்வேன்.

ரயில்வேக் குடும்பங்களுக்குத் தனியாக ஒரு வரி. பெரம்பூர், அயனாவரம், வில்லிவாக்கம் பக்கத்தில் வீட்டுக்கு ஒருவராவது ரயில்வேயில் இருந்திருப்பார்கள், அதனால் ஒரு வரி போதாதுதான். ஜெர்மனியில் நீராவி எஞ்சின் ஓடிய முதல் பயணி ரயில் 1835 டிசம்பர் 7-ம் தேதி நியூரம்பர்க்கிலிருந்து ஃபுர்த் வரை, சுமார் 6 கிலோமீட்டர் ஓடியது. எஞ்சின் பெயர் ஆட்லர், இங்கிலாந்தில் ஸ்டீஃபன்சன் பட்டறையில் செய்தது. ஓட்டியவர் வில்லியம் வில்சன் என்ற இங்கிலாந்துக்காரர். நம் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோட்டுக்கு முதல் ரயில் போனது 1856 ஜூலை 1. இருபத்தோரு வருஷ இடைவெளிதான். நியூரம்பர்க் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஜெர்மன் ரயில்வேயின் டி.பி. அருங்காட்சியகம் இருக்கிறது. ஆட்லரின் மாதிரியையும், பவேரிய அரசர் இரண்டாம் லுட்விக்கின் சொந்தப் பெட்டியையும் அங்கே வைத்திருக்கிறார்கள். நீலமும் தங்கமுமாக அந்தப் பெட்டி இருக்கிறதே, கூரைக்கு மேல் கிரீடமே வைத்திருக்கிறார்கள். நான் அலங்காரத்தைவிடக் கீழே சட்டத்தைத்தான் குனிந்து பார்த்தேன். நாங்கள் சுவிஸ் டிசைனில் ஆரம்பித்து ஜெர்மன் எல்.எச்.பி. பெட்டிக்கு மாறினவர்கள், அந்த நாட்டில் போய்ப் பெட்டியின் பூர்வீகத்தைப் பார்ப்பது திருப்தியாக இருந்தது. மெட்ரோவில் யு2, யு3 தடங்களில் ஓட்டுநர் கிடையாது. முன் கண்ணாடியோரம் நின்றுகொண்டு சுரங்கத்தைப் பார்த்துக்கொண்டே போகலாம். பேரனைவிட நான்தான் அதிக நேரம் அங்கே நின்றேன்.

ஒரு நாள் பாம்பெர்க் போய் வாருங்கள். நியூரம்பர்க்கிலிருந்து முக்கால் மணி நேரம். குண்டுவீச்சில் பெரிதாகச் சேதமாகாத ஊர், 1993 முதல் யுனெஸ்கோ பட்டியலில் இருக்கிறது. திருவருகைக் காலம் தொடங்கி ஜனவரி 6-ம் தேதி மூன்று ராஜாக்கள் திருநாள் தாண்டியும் கோயில்களிலும் அருங்காட்சியகங்களிலும் இயேசு பிறப்புக் குடில்களை வைத்துப் பாதையாகவே காட்டுகிறார்கள். வருஷா வருஷம் குடில் போட்டிக்கு இரவு முழுக்க விழித்து வைக்கோல் வேய்கிற நம் பையன்கள் அதைப் பார்க்க வேண்டும். குழந்தை இயேசுவின் தொட்டிலை 24-ம் தேதி வரை காலியாகவே விடுவது நம் வீட்டு வழக்கம். அங்கேயும் பல குடில்களில் அப்படியே இருந்தது. சில இடங்களில் காட்சியையே வாரத்துக்கு வாரம் மாற்றுகிறார்கள்: முதலில் மங்கள வார்த்தை, அப்புறம் மரியாளும் சூசையும் வழி நடப்பது, அப்புறம் சத்திரத்தில் இடமில்லாமல் நிற்பது. இதை இந்த வருஷம் எங்கள் தெருக் குடிலில் செய்யப் போகிறோம், மூன்று காட்சிக்கும் கம்பிச் சட்டம் நான் வெல்டு செய்து கொடுத்துவிட்டேன்.

செலவு, ஏற்பாடு பற்றிச் சுருக்கமாக. சென்னையிலிருந்து பிராங்க்ஃபர்ட்டுக்கு நேரடி விமானம் உண்டு, பத்து மணி நேரம் போல ஆகும். அங்கிருந்து வேக ரயிலில் இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல். ஜெர்மனிக்குப் போக வேண்டிய ஷெங்கன் விசாக் கட்டணம் பெரியவர்களுக்கு 90 யூரோ. குறைந்தது 30,000 யூரோவுக்குப் பயணக் காப்பீடு எடுக்க வேண்டும். நியூரம்பர்க் இருக்கிற பவேரியா மாநிலத்துக்குள் சுற்றப் பவேரியா டிக்கெட் வாங்குங்கள். வார நாளில் காலை 9 மணிக்கு மேல் எல்லா உள்ளூர் ரயிலிலும் செல்லும், அதிவேக ரயிலில் செல்லாது. குளிர் பூஜ்யத்தை ஒட்டித்தான் இருக்கும், சில நாள் அதற்கும் கீழே போகும். ஸ்வெட்டர் ஒன்றின் மேல் ஒன்று போட்டுக்கொள்ளலாம், ஆனால் காலுக்கு அந்த வசதி இல்லை. அடிப்பாகம் தடிமனான, தண்ணீர் இறங்காத ஷூவில் பணத்தைப் போடுங்கள். இங்கேயே வாங்கி இரண்டு வாரம் பேப்பர் மில்ஸ் ரோட்டில் நடந்து பழகிவிட்டுப் போங்கள்.

நடக்கச் சிரமப்படுகிற பெரியவர்களைக் கூட்டிப் போவதாக இருந்தால் சக்கர நாற்காலியை நம்ப வேண்டாம். கருங்கல் தரையும் கோட்டை மேடும் அதற்கு ஒத்துவராது. அவர்களோடு வார நாள் காலையில் சந்தையை ஒரு சுற்று சுற்றிவிட்டு, மிச்ச நேரத்தை லாரன்ஸ் கோயிலுக்கும் ரயில் அருங்காட்சியகத்துக்கும் கொடுங்கள். விசாவுக்குப் பயணத் தேதிக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். டிசம்பர் முதல் வாரம் போகிறவர்கள் மழைக்காலம் வரை காத்திராமல் ஆடி மாதத்திலேயே நேரம் வாங்கிவிடுங்கள்.